வேப்பிலை செருகிய வாசல்

அம்மை வந்த வீட்டுக்குள் ஊரில் ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அந்த ஒரே தைரியத்தில்தான் தங்கத்தாய் அந்தப் பொய்யைச் சொன்னாள். வாயால் சொல்லிவிட்டுப் போகிற பொய்யா அது? நிலைப்படியின் இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாக வேப்பிலை செருகி, வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாமியையே சாட்சிக்குக் கூப்பிட்டுச் சொன்ன பொய். எண்பத்தெட்டாம் வருஷம், பங்குனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை.

"என் மகளுக்கு ஆத்தா வந்திருக்கா" என்று தெருவில் நாலு பேர் காதில் விழும்படி சொன்னாள். அன்றைக்கு மத்தியானமே மகள் முருகேஸ்வரி கொல்லைப்புறப் படலைத் தூக்கி வைத்துவிட்டுச் சீமைக் கருவேலங்காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள். பங்குனி வெயிலில் உச்சிப்பொழுதுக்கு அந்த ஊரில் காக்கா கூட இறங்காது. பக்கத்து ஊரான பரளச்சிப் பக்கம் போனால் தெரிந்த முகம் பார்த்துவிடும் என்று எதிர்த்திசையில் இரண்டு மைல் நடந்து, அடுத்த ஊருக்கு ரோடு பிரிகிற விலக்கில் அருப்புக்கோட்டை பஸ் ஏறினாள். அங்கிருந்து மதுரை. மதுரையிலிருந்து ரயில்.

எல்லாம் ஒரு பந்துக்காக. ஆமாம், பந்துக்காகத்தான். அதை ஒரு கம்பி வளையத்துக்குள் போடுவதற்காக.

முருகேஸ்வரி அப்பன் இல்லாத பிள்ளை. அவளுக்குப் பத்து வயசாகும்போது அவன் போய்ச் சேர்ந்தான். அதற்கப்புறம் தாயும் மகளும் பெரியப்பா வெள்ளத்துரையின் நிழலில்தான். நிழல் என்ன சும்மாவா கிடைக்கும்? தங்கத்தாய் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரைக்கும் அவருடைய பலசரக்குக் கடையின் பின்கட்டில் மிளகாய் வத்தல் காம்பு கிள்ள வேண்டும், புளி குத்த வேண்டும், பருப்புப் புடைக்க வேண்டும். வீடு மட்டும் தனி வீடு. உத்தரவெல்லாம் கடையிலிருந்துதான் வரும்.

பிளஸ் டூ முடித்த பிள்ளையை மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் சேர்த்துவிட்டதும் அவர்தான். படிப்பின் மேல் ஆசைப்பட்டு இல்லை. கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் பி.ஏ. என்று போட்டால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

பிள்ளை ஐந்தடி பத்தங்குலம் வளர்ந்து நின்றது. "இவளுக்கு மாப்பிள்ளைய பனங்காட்டுலதான் பாக்கணும்" என்று பெரியப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஊரில் குனிந்தே நடந்து பழகிய பிள்ளைக்கு, அந்த உயரத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று கல்லூரி விடுதியில்தான் தெரிந்தது. பரண் மேல் இருந்த வாளியை அவள் ஸ்டூல் போடாமல் எட்டி எடுத்ததை விளையாட்டு டீச்சர் அற்புதமேரி பார்த்துவிட்டார். மறுநாள் காலையில் கையில் பந்தைக் கொடுத்துவிட்டார். இரண்டே வருஷத்தில் பல்கலைக்கழக டீமின் பன்னிரண்டு பேரில் அவள் ஒருத்தி. ஆளுயரப் பிள்ளைகளுக்கு நடுவில் கையை நீட்டினால் பந்து தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எதுவும் நல்லபடியாக நடக்கும்போதுதானே சம்பந்தம் வரும்? வந்தது. அருப்புக்கோட்டையில் நூல் கடை வைத்திருக்கும் குடும்பம். சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட வந்த பிள்ளையை, "காலேஜும் போதும், கீலேஜும் போதும்" என்று பெரியப்பா ஊரிலேயே நிறுத்திவிட்டார். பங்குனி இருபதாம் தேதி பூ வைப்பது என்று முடிவாயிற்று.

அற்புதமேரி டீச்சர் நேராகக் கடைக்கே வந்தார். கழுத்தில் ஒரு சிலுவை, சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ. அந்த ஷூவைப் பார்த்ததுமே வெள்ளத்துரை இது வில்லங்கம் என்று முடிவு கட்டிவிட்டார்.

"முருகேஸ்வரி விஷயமா வந்தேங்க. இந்தியா முழுக்க இருந்து காலேஜ் பிள்ளைங்க டீம் வருது. வடக்கே போட்டி. பதினோரே நாள்ல பத்திரமா கொண்டாந்து விட்டுருவேன்."

"என்ன போட்டி?"

"பாஸ்கெட் பால்ங்க."

"அரை டவுசரா, முழு டவுசரா?"

டீச்சர் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "அது யூனிபார்ம்ங்க" என்றார்.

"அப்ப அரை டவுசரு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அவர் துவரம்பருப்பு நிறுக்கத் திரும்பிக்கொண்டார். "இருபதாம் தேதி பூ வைக்க வாராக. அவுக காதுல இது விழுந்துச்சுன்னா பூவையா வைப்பாக, என் மூஞ்சில கரியத்தான் பூசுவாக. கலரு குடிக்கிறீகளா டீச்சர்?"

டீச்சர் கலர் சோடா குடிக்கவில்லை. பின்கட்டில் வத்தல் கிள்ளிக்கொண்டிருந்த தங்கத்தாய் காரம் அப்பிய கையோடு பின்வாசல் வழியாக ஓடிப்போய் பஸ் ஸ்டாப்பில் டீச்சரைப் பிடித்தாள்.

"டீச்சரம்மா, இந்த வெளையாட்டுல என்ன கெடைக்கும்?"

"ஜெயிச்சா ஒரு சர்ட்டிபிகேட் கெடைக்கும்மா. அதை வச்சுத்தான் ரயில்வேல விளையாட்டுப் பிள்ளைங்களை வேலைக்கு எடுக்குறாங்க. கண்டிப்பா கெடைக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அந்தக் காகிதம் இல்லாம வாசல்ல போய் நிக்கவே முடியாது."

"வேலைன்னா குவாட்டர்ஸு குடுப்பாகளா? கூட அம்மாவும் இருக்கலாமா?"

டீச்சர் அவளுடைய காரக் கையைப் பிடித்துக்கொண்டார். "தாராளமா இருக்கலாம்மா" என்றார்.

அவ்வளவுதான். பஸ் கிளம்பிப் போவதற்குள் தங்கத்தாயின் மனசு குவாட்டர்ஸில் பால் காய்ச்சிவிட்டது. ரயில் என்றைக்கு என்று டீச்சரிடம் கேட்டுவைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, "உனக்கு வெள்ளிக்கிழமை அம்மை போடுது" என்றாள் மகளிடம்.

முருகேஸ்வரிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கேட்டாள். "ஆத்தா பேருல பொய் சொல்லலாமாம்மா?"

"அவளும் பொம்பளதான. புரிஞ்சுக்கிடுவா. பதினோராம் நாளு உச்சிவெயில்ல போன வழியே வந்துரு. மூஞ்சில மஞ்சளப் பூசி உக்கார வச்சு, தலைக்குத் தண்ணி ஊத்திட்டேன்னா சோலி முடிஞ்சிச்சு. உன் பெரியப்பாருக்கு இல்ல, அவரு தலையெழுத்துக்கே தெரியாது."

அம்மை வந்த வீட்டுக்குச் சட்டதிட்டம் உண்டு. தாளிக்கக் கூடாது, தலை சீவக் கூடாது. வீட்டுப் பொம்பளை ஊருணிப் பக்கம் போகக் கூடாது. நல்ல காரியம் எதுவானாலும் தள்ளிப்போட வேண்டும். மருந்து, மாத்திரை, ஊசி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. எடுத்தால் ஆத்தா சினந்துகொள்வாள். தங்கத்தாய்க்கு இது அத்தனையும் தோதாக இருந்தது. பூ வைக்கிறது தானாகத் தள்ளிப்போயிற்று. பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் மட்டும் தெருவில் நின்றபடியே விசாரித்துவிட்டு, எப்போதாவது ஒரு குடம் தண்ணீரையோ ஒரு இளநீரையோ படியில் வைத்துவிட்டுப் போவாள்.

ரயிலில் முருகேஸ்வரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். டீம் கேப்டன் ஜெப ஷீலா குட்டை உருவம், ஓயாத வாய். "ஏலே ஏணி, யாரைக் கொன்னு போட்டுட்டு வந்த? மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு?" என்று விலாவில் குத்தினாள்.

"ஊர்ல எனக்கு அம்மை போட்டிருக்கு."

கதையைக் கேட்ட ஜெப ஷீலா விக்கல் வருகிறவரைக்கும் சிரித்தாள். அதன்பிறகு தினம் காலையில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இன்னைக்கு எத்தனை முத்துலே?" என்று கேட்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. முருகேஸ்வரியும் விளையாட்டுக்குப் பதில் சொல்லப் பழகினாள். மூன்றாம் நாள், முகத்தில். ஐந்தாம் நாள், உடம்பெல்லாம். ஏழாம் நாள், வாடத் தொடங்கிவிட்டது. உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு அங்கே கிழமையே மறந்துபோனது. ஊரில் படுத்துக் கிடக்கிற இன்னொரு முருகேஸ்வரியின் நாள்கணக்குதான் நினைவில் ஓடியது.

ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஜமுக்காளம் விரித்துப் படுத்தார்கள். மூன்று வேளையும் ரொட்டி. சோற்றைக் கண்ணால் பார்க்கவில்லை. கோர்ட் சிமெண்டுத் தரை. விழுந்தால் தோல் போய்விடும். சுற்றிலும் மூங்கில் கட்டி, சாக்கட்டியால் பாயிண்டு எழுதுகிற கரும்பலகை வைத்திருந்தார்கள். பேர் பெத்த பெரிய டீம்களெல்லாம் கலர் கலராக ட்ராக் சூட் போட்டு வந்தன. இவர்கள் பன்னிரண்டு பேருக்கும் வெள்ளைப் பனியனில் அவசரத்துக்கு அச்சடித்த நம்பர். முருகேஸ்வரிக்குப் பதினொன்று. அதைப் பார்த்து அவள் பதினோராம் நாளை நினைத்துக்கொண்டாள்.

நன்றாகத்தான் விளையாடினாள். நம்பவே முடியாத அளவுக்கு நன்றாக. வளையத்துக்கு அடியில் நின்று, திரும்பி வருகிற பந்துகளையெல்லாம் பறித்தாள். முதல் ஆட்டம், இரண்டாம் ஆட்டம், கால் இறுதி. அரை இறுதியில் எதிரில் வந்தவர்கள் பஞ்சாப் பிள்ளைகள். தோளும் தொடையும் வண்டிமாடு மாதிரி. அவர்களையும் நாலு பாயிண்டில் சாய்த்தார்கள். எல்லாரும் கட்டிப்பிடித்துக் குதித்தபோது முருகேஸ்வரியும் குதித்தாள், ஆனால் சந்தோஷம் வரவில்லை. வந்தால்தானே? அம்மா தனியாக உட்கார்ந்து, கடுகு கூட வெடிக்கவிடாமல் வெறும் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருப்பாள். காலி வீட்டுக்குள் மகளிடம் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருப்பாள். தெருவுக்குக் கேட்க வேண்டுமே.

எட்டாம் நாள் சாயங்காலம் பைனல். கேரளத்து டீம். மழை பெய்கிற ஊர்ப் பிள்ளைகள், ஓடினால் கால் தரையில் பாவாது. கடைசி வரைக்கும் இழுபறி. ஆறு செகண்டு பாக்கி இருக்கும்போது ஒரு பாயிண்டு பின்தங்கி நின்றார்கள். ஜெப ஷீலா எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. முருகேஸ்வரி எம்பிப் பிடித்தாள். பிடித்தவள் நிலைதடுமாறினாள்.

"கையில வச்சுக்கிட்டு நிக்காத முருகு! போடு, போடு!" என்று டீச்சர் வெளியிலிருந்து கத்தினார்.

போட எம்பியபோது பக்கவாட்டில் ஒருத்தி வந்து இடித்தாள். முருகேஸ்வரி முழங்கால் குத்தி விழுந்தாள். முட்டியில் ஒரு எட்டணா அளவுக்குத் தோல் வழன்று ரத்தம் கசிந்தது. விசில் ஊதி, இரண்டு ப்ரீ த்ரோ என்றார்கள்.

கோட்டில் போய் நின்றாள். இரண்டு பக்கமும் ஒரே கூச்சல். மற்ற நேரமாக இருந்தால் ஆத்தாளே என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருப்பாள். இப்போது வாய் வரவில்லை. அவள் பேரைத்தான் வாசலில் செருகிவிட்டு வந்தாயிற்றே, எந்த மூஞ்சியோடு கூப்பிடுவது? பந்தைத் தரையில் மூன்று தரம் தட்டினாள். முதல் பந்து உள்ளே போயிற்று. மறுபடியும் மூன்று தரம். இரண்டாவதும் உள்ளே போயிற்று. கேரளத்துப் பிள்ளை அந்தக் கோடியிலிருந்து எறிந்த பந்து மூங்கிலைத் தாண்டி விழுந்தது, ஆட்டம் முடிந்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். அற்புதமேரி டீச்சர் அழுதே விட்டார். மேடையில் யாரோ ஒரு அதிகாரி கைகுலுக்கி, மெடலை மாட்டி, சர்ட்டிபிகேட்டைக் கொடுத்தார். அதில் அவள் பேரும் ஊரும் பல்கலைக்கழகமும், போட்டி நடந்த தேதிகளும் டைப் அடித்திருந்தன. முட்டி எரிந்துகொண்டே இருந்தது. இன்னும் மூன்று நாள் என்று மட்டும் நினைத்தாள்.

பதினோராம் நாள், அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு கக்கூஸில் பழைய பாவாடை தாவணிக்கு மாறினாள். விலக்கில் இறங்கி நடந்தாள். காட்டில் ஆடு மேய்க்கிறவர்கள் கூட நிழல் தேடிப் போயிருந்தார்கள். படலைத் தூக்கும்போதுதான் நெஞ்சு முதல்முறையாக லேசானது. அம்மா கையைப் பிடித்து அந்தக் காகிதத்தைக் கொடுக்க வேண்டும். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. பேர் இருக்கிற இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

கொல்லையில் மாட்டுத்தொட்டியின் அடியில் நாலு விரற்கடைத் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. தொட்டி விளிம்பில் அவர்கள் குடிக்கிற டம்ளர் கவிழ்ந்திருந்தது. மாடு செத்து மூன்று வருஷமாகிறது. இந்தத் தண்ணீருக்கு எதற்கு டம்ளர் என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனாள்.

மகளுக்கு விரித்த பாயில், மகளுக்குப் பரப்பிய வேப்பிலையின் மேல், தங்கத்தாய் கிடந்தாள். வீடே நாற்றம். கண்கள் குழிக்குள் போயிருந்தன. கைத் தோலைக் கிள்ளித் தூக்கினால் கிள்ளிய மாதிரியே நின்றது.

"வந்துட்டியா" என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "ஜெயிச்சீகளா?"

"ஜெயிச்சிட்டோம்மா. என்னம்மா இது? எப்ப இருந்து?"

"வயித்தால போவுது, வாந்தி. நாலு நாளாச்சு. அது கெடக்கு. காயிதம் குடுத்தாகளா?"

"குடுத்தாகம்மா, குடுத்தாக." முருகேஸ்வரி வெளியே ஓட எழுந்தாள். தாயின் கை அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கையில் இன்னும் பிடி இருந்ததுதான் ஆச்சரியம்.

"மொதல்ல மூஞ்சில மஞ்சளப் பூசு. சடைய அவுத்துவிடு. பைய ஒளிச்சு வையி. அப்புறம் கூப்புடு."

அவள் அப்படியே செய்தாள். சொன்னதைச் செய்து பழகிய பிள்ளை. தானியம் கொட்டி வைக்கிற குலுக்கைக்கு அடியில் பையைத் தள்ளினாள். அம்மா ஏற்கெனவே அரைத்து வைத்திருந்த மஞ்சள் காய்ந்து வெடித்திருந்தது. அதில் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். முகம், கழுத்து, கை. சடையை அவிழ்த்துச் சிக்காக்கினாள். எல்லாம் முடியக் கால்மணி நேரம் ஆகியிருக்கும். அந்தக் கால்மணி நேரமும் தங்கத்தாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், பெண்ணுக்கு அலங்காரம் நடப்பதைப் பார்க்கிற மாதிரி.

பிறகுதான் முருகேஸ்வரி சத்தம் போட்டாள்.

ஆவுடைத்தாய் முதலில் வந்து படியோடு நின்றாள். பெரியம்மா வந்தாள். தெருப் பொம்பளைகள் வந்தார்கள். வெள்ளத்துரை கடையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தெருவிலேயே கைகட்டி நின்றார். எகத்தாளம் எல்லாம் போய் முகம் வெளுத்திருந்தது. மனுஷன் நிஜமாகவே பயந்திருந்தார்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் பெரியப்பா. கடை லோடு வேன்ல போயிரலாம்."

"என்னத்தா பேசுற நீ? ஆத்தா எறங்குன ஒடம்புல ஊசியா? ஊரே வெந்து போகும்."

"முத்தே காணோமேக்கா" என்று கூட்டத்தில் ஒருத்தி எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"வெளிய போடல, உள்ளுக்கு எறங்கிட்டா" என்றாள் ஆவுடைத்தாய். "மகளுக்கு வந்தத தாய் வாங்கிக்கிட்டா. பாரு, மக எந்திரிச்சு நிக்கா."

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

முருகேஸ்வரி இரண்டாம் தரம் கேட்டாள். மூன்றாம் தரம் பெரியப்பாவைக் கும்பிட்டுக் கேட்டாள். அவரும் திருப்பிக் கும்பிட்டார், அவளை இல்லை, அவளுக்கு மேல் வந்திருப்பதாக அவர் நம்பியவளை. "கொஞ்சம் பொறு தாயி. இளநி குடுப்போம். பூசாரிய வரச் சொல்லிருக்கேன்" என்றார்.

ஒரே ஒரு பேச்சு பாக்கி இருந்தது. எனக்கு அம்மை வரவே இல்லை, நான் ஊரிலேயே இல்லை. இதைச் சொன்னால் போதும். குலுக்கைக்கு அடியில் சாட்சி இருக்கிறது. அடிப்பார்கள், காறித் துப்புவார்கள், சாமி குற்றம் என்பார்கள். ஆனால் வேன் கிளம்பும். ஒரு மணி நேரத்தில் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி. முருகேஸ்வரி வாயைத் திறந்தாள்.

தங்கத்தாய் பாயில் கிடந்தபடி தலையை ஒரே ஒரு தரம் ஆட்டினாள். வேண்டாம்.

வாய் மூடிக்கொண்டது. இளநீர் இறங்கினால் தெளிந்துவிடுவாள் என்று நினைத்தாள். பூசாரி வந்துவிட்டுப் போகட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தாள். வெயில் தாழட்டும் என்று நினைத்தாள். ஆறு செகண்டில் பந்தைப் போட்டவள்தான். அன்று மத்தியானம் முழுக்கக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தங்கத்தாய் போய்விட்டாள்.

அம்மையில் போனவளுக்கு மேளம் கிடையாது, ஒப்பாரி கிடையாது, எரிக்கிறதும் கிடையாது. ஆத்தா கூட்டிக்கொண்டு போனவளுக்காக அழுதால் ஆத்தாளைக் குறை சொன்ன மாதிரி. ஊரில் ஒரு ஆள் செத்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். அன்றைக்கு இருமல் சத்தம் கூட இல்லை. யாராவது ஒருத்தி ஓங்கி ஒரு குரல் வைத்திருந்தால் முருகேஸ்வரிக்கும் அழுகை வந்திருக்கும். மறுநாள் காலையில் வேப்பிலை போர்த்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றாத பிள்ளை படி தாண்டக் கூடாது என்று அவளை உள்ளேயே உட்கார வைத்துவிட்டார்கள். எந்த இடத்தில் புதைத்தார்கள் என்று கூட அவள் பார்க்கவில்லை.

மூன்று நாள் பெரியம்மா கஞ்சியை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். முருகேஸ்வரி குடித்தாள். ஒரு தரம் பையை வெளியே இழுத்து, காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். அவள் பேர் இருந்தது. தேதியும் இருந்தது. ஊர் முழுக்க அவளுக்கு அம்மை என்று வணங்கிக்கொண்டிருந்த அதே தேதி. மடித்து மறுபடியும் உள்ளே தள்ளினாள். வெளியில் பெரியப்பா யாரிடமோ, "தாய் செத்த வீடு, வருசம் திரும்புறதுக்குள்ள பிள்ளைக்கு முடிச்சிரணும். நூல் கடைக்காரவுகளும் பொறுக்கோம்னுட்டாக" என்று சொல்வது கேட்டது. யாரோ ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சு என்பதுபோல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை தலைக்குத் தண்ணீர் ஊற்ற ஆவுடைத்தாயும் பெரியம்மாவும் இன்னும் மூன்று பொம்பளைகளும் வந்தார்கள். வெயிலில் வைத்துச் சூடேறிய தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் மிதந்தன. கொல்லையில் மணையைப் போட்டு அவளை உட்கார வைத்தார்கள்.

முதல் செம்பை ஊற்றிக்கொண்டே ஆவுடைத்தாய் பேசினாள். ஊரில் அவளைவிட இளகின மனசு யாருக்கும் கிடையாது. "என்னா மொனகு மொனகுன தாயி நீ! எட்டாம் நாளு சாயங்காலம் கேக்கச் சகிக்கல. வாசல்ல வந்து நின்னு, என்ன தங்கத்தாயி, யாரு மொனகுறது, உள்ள வரட்டுமான்னு கேட்டேன். வராத மதினி, மகதான் மொனகுறா, ஆத்தா உக்கிரமா இருக்கான்னா. ஒம்பதாம் நாளும் அதே மொனகலு. பத்தாம் நாளு ராவெல்லாம். மகதான், மகதான்னே சொன்னா. உன்னச் சொமந்த சொமை அப்பிடி. தன் வலியக் கூட வாயத் தொறந்து சொல்லல மகராசி."

தண்ணீர் முகத்தில் வழிந்தது. முருகேஸ்வரி கண்ணை மூடவில்லை. எட்டாம் நாள் சாயங்காலம். பந்தை மூன்று தரம் தட்டினாள். முதலாவது உள்ளே போயிற்று. மறுபடியும் மூன்று தரம்.

இரண்டாம் செம்பு. மூன்றாம் செம்பு. பெரியம்மா அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். கழுத்தைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள். "ஒரு தழும்பு இல்லையே! அம்மை போட்ட ஒடம்பு மாதிரியா இருக்கு? தொடச்சு விட்ட வெங்கலமாட்டம் இருக்காளே."

பொம்பளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தில் முருகேஸ்வரி, கண்டுபிடியுங்கள் என்று நினைத்தாள். கண்டுபிடித்து என்னை அடியுங்கள்.

ஆவுடைத்தாய் நனைந்த பாவாடையை விலக்கிக் காலைத் துடைத்தாள். கை முட்டியில் வந்து நின்றது. எட்டணா அளவுக்குப் பொருக்குத் தட்டி, ஓரம் சிவந்த புண்.

"இந்தா இருக்குல்ல! ஒத்த முத்து. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு, வந்து போனதுக்கு அடையாளமா ஒண்ணே ஒண்ண விட்டுட்டுப் போயிருக்கா ஆத்தா."

அவள் குனிந்து அந்தப் புண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெரியம்மா தொட்டு ஒற்றிக்கொண்டாள். மற்ற மூன்று பேரும் வரிசையாக வந்து ஒற்றிக்கொண்டார்கள். பிறகு ஆவுடைத்தாய் பச்சை மஞ்சளும் வேப்பிலையும் அரைத்த விழுதை அதன்மேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி அப்பினாள். பொருக்கு பெயர்ந்து ரத்தம் எட்டிப் பார்த்தது.

"எரியுதா தாயி?"

"இல்ல அத்தை" என்றாள் முருகேஸ்வரி. உண்மையாகவே எரியவில்லை.